கொப்பரைக் கொட்டகையில் இறந்த இருபத்தேழு பேரை இறந்தவர்களாக ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பசிலிசா மலாபனான்,
தொடக்கப்பள்ளி ஆசிரியை,
புத்தோங் இலாயா சிற்றூர்.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
சான் கிரிசோகோனோ நகராட்சி,
பத்தாங்காஸ் மாகாணம்,
பிலிப்பைன்ஸ் குடியரசு.

பொருள்: 1945 பிப்ரவரியில் ஜப்பானியப் படையினரால் கொல்லப்பட்டவர்களுக்கு இறப்புச் சான்று வழங்குதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மார்ச் 3ஆம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, நம் பதிவாளர் திரு. ஹிலாரியோன் மகாலிந்தால் அவர்கள் நகர வரலாற்றில் நிலைக்கவேண்டிய ஒரு முடிவை எடுத்தார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தச் சொல்லி, எழுத்தர்கள் இருவரையும் எழுந்து நிற்கவைத்த பிறகே அதை அறிவித்தார்கள். இறப்புப் படிவங்கள் இனி கறுப்பு மையில் மட்டுமே ஏற்கப்படும். என் கணவருடைய படிவம் நீல மையில் இருந்தது. வீடு சென்று கறுப்பு மையில் எழுதி வந்தேன்.

2. என் கணவர் கௌதென்சியோ 1945 பிப்ரவரி 16 அன்று இறந்தார். பயண அனுமதிச் சீட்டு தருவதாகச் சொல்லி ஜப்பானியப் படையினர் ஊர் ஆண்களை மாதா கோயிலுக்கு வரச்சொன்னார்கள். அரசாங்கக் காரியத்துக்கு நல்ல சட்டையில் போவதே முறை என்று என் கணவர் கருதினார். அவருடைய அன்னாசி நார்ச் சட்டையை நான் கரிப்பெட்டி வைத்து இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தேன். போனவர்கள் இருபத்தெட்டுப் பேர். இருவர் இருவராக முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, தேங்காயைப் புகைமூட்டி உலர்த்தும் ஆற்றோரக் கொப்பரைக் கொட்டகைக்குள் தள்ளி, துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பெண்கள் நாங்கள் பள்ளத்தில் ஒளிந்திருந்தோம். புகையைப் பார்த்து, யாரோ கொப்பரை உலர்த்துகிறார்கள் என்று நினைத்தோம்.

3. கயிறு தீயில் அறுந்து உயிரோடு வெளியே வந்தவர் ஒருவர்: தச்சர் கிரிசாந்தோ திமாயுகா. என் கணவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தவர் அவர்தான். "தேய்ச்ச சட்டை பாழாப் போச்சுடா. அவகிட்ட நீயே சொல்லிடு, எனக்குப் பயமா இருக்கு" என்று என் கணவர் அவரிடம் கடைசியாகச் சொன்னார். இதை என்னிடம் வந்து சொல்ல அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. அன்று, ஜப்பானியர் ஊருக்குள் வந்த பிறகு முதன்முறையாக நான் சிரித்தேன். அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். அவருடைய இடக்கை தோளுக்கு மேல் எழாது. ஆனாலும் பள்ளிக்கூடக் கூரையை அவரே வேய்ந்தார். இதுவரை ஒழுகவில்லை. வரும் மே மாதம் நாங்கள் திருமணம் செய்துகொள்ள இருக்கிறோம். முதல் கணவரின் இறப்புச் சான்று இல்லாமல் அது நடவாது.

4. பதிவாளர் அவர்கள் என் கணவரின் எலும்புகளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். இருபத்தேழு பேரும் ஒரே குழியில், ஒரே சிலுவையின் கீழ் இருக்கிறார்கள். அடுத்து, கண்ணால் கண்ட சாட்சி கேட்டார்கள். கிரிசாந்தோவை அழைத்துச் சென்றேன். "டீச்சரம்மா, உங்க புருஷன் செத்தது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆபீசுக்குத் தெரியணுமே!" என்றார்கள். மேலும், "கட்டிக்கப் போறவனே சாட்சின்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு இந்த ஊர்ல ஒரு புருஷன் உயிரோட இருக்கமாட்டான்" என்றார்கள். அவர்களுடைய முன்யோசனையை நான் மதிக்கிறேன்.

5. ஆயினும் ஒன்றை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். ஓராண்டு நிறைந்து, ஊரே துக்கத்தின் கறுப்பு உடையைக் களைந்து துக்கம் இறக்கிய விருந்துக்குப் பதிவாளர் அவர்களும் வந்திருந்தார்கள். இருபத்தேழு பெயர்களையும் அவர்களே உரக்க வாசித்து ஜெபம் சொன்னார்கள். பன்றி அதோபோக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாழை இலையில் ஒரு பொட்டலம் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். "போனவன் போயிட்டாம்மா, உனக்கு வயசிருக்கு, கலர் துணி கட்டு" என்று எனக்கு அறிவுரையும் சொன்னார்கள். என் கணவர் உயிரோடிருப்பதாக ஐயம் இருந்திருந்தால் அன்றே சொல்லியிருக்கலாம். இன்னொரு தட்டு வைத்திருப்போம்.

6. எனவே, இருபத்தேழு குடும்பங்களும் கலந்து பேசி, எல்லாப் படிவங்களையும் ஒன்றாகவே தாக்கல் செய்கிறோம். இவற்றில் இருபத்தாறு பேருடைய சாவில் கிரிசாந்தோவுக்கு எந்த ஆதாயமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். அந்த இருபத்தாறு பேர் அவருடைய வாக்கின்படி இறந்தவர்கள் என்றால், அதே கொட்டகையில், அதே நெருப்பில், அவர் முதுகோடு கட்டப்பட்டிருந்தவரையும் இறந்தவராக ஏற்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இறப்பின் காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினால் வேலை சுலபமாகும் என எழுத்தர் ஒருவர் அன்புடன் யோசனை சொன்னார். நாங்கள் நடந்ததை எழுதியிருக்கிறோம். அந்தக் கட்டத்தை மட்டும் யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

7. தாங்கள் நல்ல முடிவெடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பன்றி வாங்கிக் கட்டியிருக்கிறோம். மே 17 அன்று தாங்கள் குடும்பத்துடன் வரவேண்டும். பதிவாளர் அவர்களுக்கும் அழைப்பு உண்டு.

இடம்: புத்தோங் இலாயா
நாள்: 1947 மார்ச் 24

தங்கள் உண்மையுள்ள,
பசிலிசா மலாபனான்

இணைப்பு: இறப்புப் படிவங்கள் இருபத்தேழு, அனைத்தும் கறுப்பு மையில்.

குறிப்பு: நகரின் இரு கடைகளிலும் கறுப்பு மை தீர்ந்துவிட்டதால் இம்மனு நீல மையில் எழுதப்பட்டுள்ளது.