உல்லாஸ்நகர் சித்திக்கு உடம்பு சரியில்லை

தாராவி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இசக்கிப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ஹரியும் சாமி புண்ணியத்தில் சுகம். டப்ளினில் நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை, போட்டோவில் கன்னம் ரெண்டும் இருக்கிற அழகிலேயே தெரிகிறது. போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் பேப்பரில் எழுதுகிறாள் என்று நினைக்காதே. நம் வீட்டில் ஒரே அறை, நான் போனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும், அப்பாவுக்குக் கேட்பது சுவருக்கு அந்தப் பக்கம் மாரிசெல்விக்கும் கேட்கும். தமிழ் மறந்திருந்தால் எழுத்துக் கூட்டியாவது படி, வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, விஷயம் அப்படி.

தை மாசம் நீ தனியாகப் போர்ச்சுகல் போய் வந்ததிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதில்லை. உன் போன் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பை தைக்கிற கார்கானாவுக்குக் கிளம்பிவிடுகிறார், ஞாயிற்றுக்கிழமையில் பூட்டிக் கிடக்கிற கார்கானாவுக்கு. ஆனால் ஊருக்கு முன்னால் உன்னை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, அதனால் நம் கல்லிச் சந்தில் யார் கேட்டாலும் ஆபீஸ் வேலையாக அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரே பதில். நீ தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கிற போட்டோவைப் பார்த்து மாரிசெல்வி இது என்ன ஆபீஸ் அண்ணாச்சி என்று கேட்டதற்கு, அங்கெல்லாம் மீட்டிங்கை வெளியிலதான் வைப்பாங்க, காத்தோட்டமா இருக்கும் என்றார். எட்டுப் பேர் படுக்கிற அறையில் ரயில் பெர்த் மாதிரி ஒரு அடுக்குக் கட்டிலுக்குக் காசு கொடுத்துத் தங்கினாய் என்றதும் எனக்கும் மனசு கேட்கவில்லைதான். அந்த வசதியை நம் வீட்டில் இத்தனை வருஷம் சும்மா அனுபவித்தாயே அம்மா. இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. நம் கல்லியைச் சுற்றிப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைடோடு வந்தாள், உன் வயசுதான் இருக்கும், எத்தனையோ நாட்டைத் தனியாகவே பார்த்துவிட்டுக் கடைசியில் நம்மைப் பார்க்க வந்திருக்கிறாள். அப்பா அவளைக் கார்கானாவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தோல் பை தைப்பதைக் காட்டி, அரை டம்ளர் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து, என்ன தைரியம் பாரு, பெத்தவங்க நல்லா வளத்திருக்காங்க என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போ நம்ம பிள்ளை என்றேன். அது வேற இது வேற என்றார். எது வேற என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்தப் போர்ச்சுகல் போட்டோவில் நீ சிரித்தாய் பார், அப்படி ஒரு சிரிப்பை நான் உன் முகத்தில் பார்த்ததே இல்லை. தனியாகப் போய் நின்றால் அப்படிச் சிரிப்பு வருமா என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. மாட்டுங்காவில் நான் காய் நறுக்குகிற மெஸ்ஸுக்கு வியாழக்கிழமை லீவு, ரயில் டிக்கெட் சில்லறைக் காசுதான், கையில் டிபன் டப்பாவும் தண்ணீரும் இருந்தால் போதும், செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சும்மா ஊர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பொம்பளை நம் கல்லியிலிருந்து கிளம்ப முடியுமா? கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவுத் துட்டி, இந்த நாலில் ஒன்று வேண்டும். அதனால் உல்லாஸ்நகரில் எங்கள் அம்மா வழியில் சொர்ணம்மாள் என்று ஒரு ஒன்றுவிட்ட சித்தி இருக்கிறாள், பாவம் படுத்த படுக்கையாக இருக்கிறாள், வியாழன் தோறும் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படி யாரும் கிடையாது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் பக்கத்துச் சொந்தம் யார் யார் என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை, புதிதாக ஒருத்தியைச் சேர்ப்பது சுலபமாகத்தான் இருந்தது.

முதலில் செவ்ரிக்குப் போனேன், கடலோரச் சேற்றில் ரோஸ் கலரில் பூநாரை நிற்கிறது, எங்கிருந்தோ பறந்து வருகிறதாம், ஆனால் கூட்டமாகத்தான் வருகிறது, அப்பா பார்த்தால் பாராட்டுவார். அப்புறம் போரிவலிக்குப் போய்க் கான்ஹேரி குகை பார்த்தேன். அந்தக் காலத்துச் சாமியார்கள் மலையைக் குடைந்து ஆளுக்கு ஒரு அறை, கல்லிலேயே ஒரு கட்டில், வாசலில் தண்ணீர்த் தொட்டி என்று வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கே தனி அறையும் தண்ணீரும் என்றால் நாம் எதைத் துறந்தோம் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். சித்திக்குக் கொடுங்கக்கா என்று மாரிசெல்வி கொடுத்துவிட்ட சாத்துக்குடியை அந்தக் கல்கட்டிலில் உட்கார்ந்துதான் உரித்துத் தின்றேன், நல்ல இனிப்பு. உண்மையைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரவில்லை ப்ரியா, அழுகைதான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை, ஆனால் நல்ல அழுகை.

சித்தியின் உடம்பு இப்படியே இருந்திருந்தால் ஒன்றும் இல்லை. கல்லி முழுக்க அவள்மேல் பாசம் பொழியத் தொடங்கிவிட்டது. ஒருத்தி கஷாயம் கொடுக்கிறாள், ஒருத்தி பழைய சேலை கொடுக்கிறாள் படுக்கையில் விரிக்க. உன் அப்பா எல்லாருக்கும் மேலே, அந்தக் கிழவியை அங்க எதுக்குப் போட்டு வச்சிருக்கீங்க, இங்க பெரிய ஆஸ்பத்திரியில சேப்போம், நான் பாத்துக்கிடுதேன் என்று டாக்சிக்கே ஏற்பாடு செய்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சித்தியைச் சாகடித்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று பார்த்தால், சாவுக்குத்தான் போக முடியல, பதினாறுக்காவது நான் போகாம இருந்தா நாளைக்கு யாரு மதிப்பா என்று வெள்ளை வேட்டியும் ரோஜா மாலையுமாகக் கிளம்பி நின்றார். சயானில், உல்லாஸ்நகர் வழியாகப் போகிற அம்பர்நாத் லோக்கல் ரயிலில் ஏறினோம். தானே தாண்டியதும் அதற்குமேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாலையை மடியில் வைத்துக்கொண்டு கல்யாண் வரைக்கும் உதிர்ந்த இதழைப் பொறுக்கிக்கொண்டே வந்தார். அப்புறம் மெதுவாக, அப்போ செத்தது யாரு என்றார். யாரும் சாகலைங்க என்றேன். நேத்து ராத்திரிகூட அந்தம்மாவ நெனச்சு வருத்தப்பட்டேனே என்றார். அவருக்கு நான் பொய் சொன்னதைவிட, பட்ட வருத்தம் வீணாய்ப் போனதுதான் பெரிய நஷ்டம்.

திரும்பிவிடுவார் என்று நினைத்தேன், உல்லாஸ்நகரில் இறங்கினார். வந்தது வந்தாச்சு என்று மாலையை ஒரு பிள்ளையாருக்குப் போட்டார், ஜீன்ஸ் தைக்கிற தெருவில் மிஷின் மிஷினாக நின்று பார்த்தார், சிந்திக்காரர் கடையில் பருப்பும் மொறுமொறு பூரியுமாகத் தால் பக்வான் வாங்கிக் கொடுத்து இன்னொரு பிளேட் கேட்டுச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாரிசெல்வியிடம், கருமாதி நல்லா செஞ்சாங்க, சாப்பாடு பிரமாதம் என்கிறார்! என்னிடம் மட்டும் பேச்சு இல்லை.

நேற்று வியாழக்கிழமை. நான் எலிபெண்டா தீவுக்குப் போக டிபன் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் மாரிசெல்வி நிற்கிறாள். சித்திதான் போயாச்சே, இன்னிக்கு எங்கக்கா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அப்பா, அம்பர்நாத்ல இவ பெரியப்பா ஒருத்தரு வழுக்கி விழுந்துட்டாரு என்றார். எனக்கு வந்ததே கோபம். இவரும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறார், இப்படியே போனால் என் வம்சமே படுக்கையில் விழ வேண்டும். யாரும் விழல மாரி, நான் லாஞ்ச்ல போய்க் குகை பாக்கப் போறேன், தனியா, சும்மா, உல்லாஸ்நகர்லயும் எனக்கு ஒரு சித்தியும் கெடையாது, எம்மவளும் ஆபீஸ் வேலையா போகல, அவ சம்பாத்தியத்துல ஊர் பாக்கப் போனா, நல்லாப் பாத்துட்டு வந்தா என்று சொல்லிவிட்டேன். கல்லியே கேட்டது. குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. மாரிசெல்வி மட்டும், அப்போ என் சாத்துக்குடி என்றாள். நல்லா இருந்துச்சு என்றேன். பின்னால் அப்பா வருகிற சத்தம், இன்றைக்கு என்ன நடக்கப்போகிறதோ என்று நிற்கிறேன். கையில் குடையை நீட்டினார். வெயிலு கொளுத்துது, கடைசி லாஞ்ச் எப்பன்னு கேட்டு வச்சிக்க என்றார். அவ்வளவுதான். படகில் தனியாக உட்கார்ந்ததும் உன் சிரிப்பு எனக்கும் வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலையில் மாரிசெல்விக்குக் கோவண்டியில் ஒரு அத்தைக்கு மூச்சு வாங்குகிறதாம், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, ரெண்டு சாத்துக்குடி மட்டும் கொடுத்தனுப்பினேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பாஸ்போர்ட்டை உள்பையில் வை. அடுத்து எங்கே போகிறாய் என்பதை என்னிடம் சொல்லாதே, அப்பாவிடம் நேராகச் சொல். திட்டுவார், திட்டட்டும், பேசாமல் இருப்பதற்குத் திட்டுவது எவ்வளவோ மேல். போகிற இடமெல்லாம் பேச்சியம்மன் உனக்கு முன்னால் போய் நிற்பாள், அவளுக்கு டிக்கெட் வேண்டாம். நீ நீண்ட ஆயுசோடு நல்லா இரு.

இப்படிக்கு, உன்னைப் பார்த்துக் கெட்டுப்போன அம்மா,
பிரேமலதா.

இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்திருந்த இடத்திலிருந்தே இப்போது ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொல்கிறார். அந்த எட்டுக் கட்டில் ரூம்ல வயசானவங்களுக்குக் கீழ்க் கட்டில் குடுப்பாங்களா?