எஞ்சின் ஆறும் வரை ஒரு கதை

வாப்பா,

நேற்று உங்கள் கதைக்கு நடுவில் நான் எழுந்து போனதும், "இனி ஒன்ட்ட ஒத்த வார்த்தை பேச மாட்டேம்ல" என்றீர்கள். வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதிவிட்டுக் காலேஜுக்குப் போகிறேன்.

பத்து மணிக்குப் புரோக்கர் அய்யாத்துரை அந்தப் பழைய டீசல் காரைக் கொண்டுவருவார். நீங்கள் தினமும் பன்வெல் பட்டறைக்கு வேலைக்குப் போய்வர டீசல்தான் கட்டுப்படியாகும். அதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் ஓட்டிவந்த சூட்டில் எந்தக் கிழட்டு டீசல் எஞ்சினும் டக்கென்று கிளம்பும். நன்றாக ஆறிய பிறகும் கிளம்பினால் மட்டும் வாங்குங்கள்.

அதுவரை அவரைப் பிடித்துவைக்க வேண்டும். உம்மா டீ போடுவார்கள். நீங்கள், டிக்கெட் இல்லாமல் பம்பாய்க்கு ரயிலேறி வந்த கதையை ஆரம்பியுங்கள். கதையில் ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் எஞ்சின் ஜில்லென்று ஆகிவிடும்.

கார் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பீடி குடிக்கப் போகிறேன் என்று கீழே போய்ச் சூடாக்கிவிடுவார்.

ஜஹாங்கீர்

பி.கு: டிக்கெட் பரிசோதகர் உங்கள் சட்டையைப் பிடித்த இடத்தில்தான் நான் எழுந்து போனேன். அதற்குமேல் அய்யாத்துரையிடம் சொல்ல வேண்டாம். சாயங்காலம் நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.