ஏழாவது இலை

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக் போய் வந்தேன். பதின்மூன்று வாரம், எல்லாம் சரி. வரிசை நகரவே இல்லை. தெவ்மி களைத்துப்போய் பெஞ்சிலேயே என் சட்டையை இழுத்தாள். பால் கொடுத்தேன். இரண்டரை வயதுப் பிள்ளை, பசித்தால் கேட்கத்தான் செய்யும்.

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "வயித்துல ஒண்ணு, வாயில ஒண்ணா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்? வீடு வரும்வரை என் மேலேயே கோபம்.

மருத்துவிச்சி மிஸ் மட்டும் ஒழுங்காகப் பேசினார். "வலி, ரத்தம் எதுவும் இல்லாட்டி தாராளமா குடு தினூஷா. நல்லா சாப்பிடு, அவ்வளவுதான்."

மார்ச் 5

சந்தமாலி அக்கா வந்தாள். என் வீட்டுக்காரர் அசேலவின் அக்கா, ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வீடு. பத்து மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு 'நங்கி' என்று தங்கை முறை சொல்லி எனக்கு வகுப்பு எடுத்தாள்.

"இப்ப அது பால் இல்ல நங்கி, விஷம். உள்ள இருக்கிறதோட பங்கை இவ உறிஞ்சிட்டு இருக்கா."

மிஸ் சொன்னதைச் சொன்னேன். "மிஸ்ஸுக்கு என்ன, சம்பளம் வருது" என்றாள்.

அசேலவும் அக்கா பக்கம்தான். அவர் ரப்பர் வெட்டுகிறவர், எல்லாவற்றுக்கும் ஒரு மரம் வைத்திருப்பார். "இலை உதிர்ற காலத்துல மரத்துக்கே ஓய்வு குடுக்கிறோம். நீ எடுத்துக்கக் கூடாதா?"

"நான் மரமா? எனக்குச் சிரட்டை கட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

மார்ச் 9

நான்கு நாளாக யார் வீட்டுக்கு வந்தாலும் முதல் பேச்சு என் மார்பைப் பற்றித்தான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

மார்ச் 13, பௌர்ணமிப் போயா

எழுதிவிட்டால் கோபம் அடங்குமா பார்க்கிறேன்.

பன்சலைக்கு, புத்தரைக் கும்பிடப் போகும்போது தெவ்மியை அக்காவிடம் விட்டுப் போனேன். திரும்பி வந்து தூக்கினால் பிள்ளை என் நெஞ்சைப் பார்த்து அலறுகிறாள். கையைக் கொண்டு தள்ளுகிறாள். உடம்பெல்லாம் விறைத்துப் போயிருந்தது. என்னடி, என்னடி என்று கேட்டால், "உள்ள பில்லா இருக்கான்" என்கிறாள்.

அக்கா சிரிக்கிறாள்! "மார்ல கசப்புக் கற்றாழை தடவுறதை விட இது லேசு. இனிமே கேக்க மாட்டா பாரு."

கோணியில் பிள்ளை பிடித்துப் போகிற பில்லா. அவனை என் நெஞ்சுக்குள் குடிவைத்துவிட்டாள். இரண்டரை வருடம் அவள் தலை சாய்த்துத் தூங்கின இடம் இது. வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு?

சாயங்காலம் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்கவில்லை, சும்மாதான். பிறகு சட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். "பில்லா இல்ல" என்றாள். பயந்து பயந்து குடித்தாள்.

மார்ச் 15

அடுத்த ஞாயிறு தெவ்மியை அக்காவின் மாமியார் வீட்டுக்கு, இரத்தினபுரிக்கு, அனுப்பப் போகிறார்களாம். பத்து நாள். "மறந்துடுவா" என்கிறார் அசேல. என்னிடம் கேட்கவில்லை, முடிவுசெய்து சொன்னார்.

எதை மறப்பாள்? பாலையா? என்னையா? தம்பியோ தங்கையோ வருவதற்கு முன்னாலேயே வீட்டை விட்டு அனுப்பிவிட்டால், வரப்போகிறதன் மேல் அவளுக்கு எப்படிப் பாசம் வரும்?

முடியாது என்றேன். "பிடிவாதம் பிடிக்காதே, அக்கா நல்லதுக்குத்தான் சொல்றா." நல்லதுக்காம்! தெவ்மியின் துணிப்பையை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

மார்ச் 21

பயணம் நின்றுபோனது. அக்காவின் குழந்தை கெனுலுக்குத் தட்டம்மை. காய்ச்சலில் ஒன்பதாம் மாத ஊசியைத் தவறவிட்டவன். நல்லவேளை தெவ்மிக்கு ஊசி போட்டாயிற்று.

செய்தி கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அப்புறம் வெட்கம். கொத்தமல்லி அவித்து அசேலவிடம் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 1

பையன் பிழைத்துக்கொண்டான். ஆசுபத்திரியில் இருந்தபோது அக்கா நேர்ந்துகொண்டாளாம், கிரி அம்மா தானம் கொடுப்பதாக. பால் கொடுக்கிற ஏழு தாய்மாரை உட்காரவைத்து, இலை போட்டு, பால்சோறு பரிமாறி, விழுந்து கும்பிட வேண்டும். ஏழில் ஒன்று குறைந்தாலும் நேர்த்தி சேராது.

ஆறு பேர்தான் கிடைத்தார்களாம். ஒருத்தி குவைத் போய்விட்டாள், ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதற்காகப் பாலை நிறுத்திவிட்டாள். ஊர் ஊராகக் கேட்டுவிட்டுக் கடைசியில் என் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

"ஏழாவது இலைக்கு ஆள் இல்ல நங்கி."

"விஷம்னு சொன்னீங்களே?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கெனுல் பிறந்து மூணாம் வாரமே எனக்குப் பால் வத்திப்போச்சு. யாருக்கும் தெரியாது. பவுடரைக் கலக்கிக் குடுக்கும்போதெல்லாம் நீ தெவ்மியை மடியில போட்டுட்டு உக்காந்திருப்ப."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பில்லா போய்விடுவானா? வருகிறேன் என்றேன். தெவ்மி எங்கேயும் போகக் கூடாது. பில்லா கதையை அக்காவே அவளிடம் திருத்த வேண்டும். இரண்டும் நடந்தால் வருகிறேன்.

தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். போகட்டும்.

ஏப்ரல் 3

வந்தாள். தெவ்மி முன்னால் குந்தி உட்கார்ந்து, "பில்லா போயிட்டான் செல்லம், அத்தை விரட்டிட்டேன்" என்றாள். அப்போதும் பெருமையை விடவில்லை!

"இருந்ததே இல்லைன்னு சொல்லுங்க அக்கா."

முகம் சிவந்துவிட்டது. "இருந்ததே இல்ல. அத்தை பொய் சொன்னேன்."

தெவ்மி அவளை ஏற இறங்கப் பார்த்து, "பொய் சொல்லக் கூடாது" என்றாள். என் பிள்ளை.

ஏப்ரல் 4

காலையில் தெவ்மி குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, வரல."

பிழிந்து பார்த்தேன். ஒரு சொட்டு, அதுவும் பால் போலவே இல்லை. சில பேருக்கு நடுமாதங்களில் வற்றும் என்று மிஸ் சொல்லித்தான் இருந்தார். நாளைக்குத் தானம், வற்றுவதற்கு இந்த நாளா கிடைத்தது?

அசேல சொல்கிறார், "யாருக்குத் தெரியப்போகுது? போய் உக்காரு." ஒரு மாதமாகப் பொய்யை வைத்து என் பிள்ளையைப் பயமுறுத்தினார்கள் என்று கத்தினவள் நான். இப்போது நானே ஒரு பொய்யை மடியில் வைத்துக்கொண்டு அந்த இலை முன்னால் உட்காருவதா?

போய்ச் சொன்னேன். அக்கா பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"காலையில வாயை வச்சாளா?"

"வச்சா."

"நீ மாட்டேன்னியா?"

"இல்ல."

"அப்ப என்ன? கேட்டா குடுக்கிறவதானே நீ. விடிஞ்சதும் குளிச்சிட்டு வந்துடு." மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 5, சனி

வெள்ளைத் துணி விரித்து வரிசையாக ஏழு இலை. ஆண்களை முற்றத்துக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு கெனுலின் தலையில் வைத்தோம்.

அக்கா வெற்றிலை கொடுத்து ஒவ்வொருத்தி காலிலும் விழுந்தாள். என் முன்னால் வந்தபோது குனிந்த தலை சீக்கிரம் நிமிரவில்லை. தெவ்மி என் மடியில் இருந்து அவள் முடியைத் தடவினாள்.

கோபம் தீர்ந்ததா? முழுக்க இல்லை. பால்சோறு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 8

சின்னவள் பிறந்து நான்காம் நாள். பால் இறங்கி இரண்டு பக்கமும் கல்லாகிவிட்டது. கை பட்டால் உயிர் போகிறது. இவளோ இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தமாலி அக்கா எட்டிப் பார்த்தாள், போனாள். திரும்பி வரும்போது தெவ்மியின் கையைப் பிடித்திருந்தாள். முகம், வாய் எல்லாம் கழுவிவிட்டிருந்தாள்.

"தங்கச்சி தூங்குறா. நீ போய்க் கொஞ்சம் குடி செல்லம், அம்மாவுக்கு வலிக்குது."

தெவ்மி என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணை அகலத் திறந்து, வாயை எடுக்காமலே, "வருது" என்றாள்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். குழந்தை பார்க்க யாரோ வந்தார்கள் போல. அவள் குரல் கேட்டது.

"இப்ப உள்ள போகாதீங்க. பிள்ளைங்க பால் குடிக்குதுங்க."