இறகு கொட்டிய கோழிகளுக்கு லீவு

செடெனாக் ரப்பர் தோட்டம்
1934, தை 22

அன்பு மகள் செல்வராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. முருகன் தயவில் நானும் உன் அம்மா அங்கம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மழையோடு சேர்ந்து முனகுகிறது. கெடாவில் நீயும் மாப்பிள்ளை சின்னத்தம்பியும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, உடனே எழுது.

உன் கோழிகள் ஒரு மாதமாக முட்டை இடவில்லை, இறகு வேறு கொட்டுகிறது, குழம்பு வைத்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே அம்மா. இங்கே மார்கழியில் நடந்ததைக் கேள். நான் சமைக்கிற துரை பங்களாவில் பதினொரு கோழி, எல்லாம் உன் அம்மா பொறுப்பு. மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக இறகு உதிர்த்து, வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்ட மாதிரி நின்றன. ஒரு முட்டை இல்லை. துரைக்குக் காலையில் இரண்டு முட்டை வராவிட்டால் தோட்டமே நடுங்கும். கிறிஸ்துமஸுக்கு அத்தனையையும் அறுத்து வறுத்துவிடு என்று உத்தரவு போட்டார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, நீங்க கத்தியத் தொட்டீங்கன்னா அப்புறம் நான் உங்களுக்குச் சோறு பொங்கமாட்டேன் என்கிறாள்.

இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. சீனர் கடையில் ஆறு முட்டை வாங்கிக் கூட்டில் வைத்தேன். கடையிலும் கோழி முட்டை இல்லை, வாத்து முட்டைதான் இருந்தது. முட்டைதானே என்று விட்டுவிட்டேன். அன்றைக்கென்று துரையே கூட்டைப் பார்க்க வந்தார். ஒன்றைக் கையில் எடுத்து, ஏன் இவ்வளவு பெரிசு, ஏன் நீலம் என்றார். ஓயாத மழைங்க தொர, சாயம் இறங்கிடுச்சு என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் உன் அம்மா கூட்டு வாசலை மறித்து நின்றாள். இவருதாங்க பொய் சொல்றாரு, கோழிங்க பொய் சொல்லல, ரப்பர் மரம் இலை கொட்டுற மாசத்துல பால் வெட்டாதீங்கன்னு நீங்கதானே சொல்றீங்க, இதுங்க இறகு கொட்டுது, புது இறகு முளைக்கட்டும், தானா இடும் என்றாள். சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகரவில்லை. துரை கையிலிருந்த முட்டையைக் கூட்டில் திரும்ப வைத்தார். பிறகு, சீமையில் தன் தாயார் வளர்த்த கோழிகளும் பனிக்காலம் பூராவும் சும்மாதான் இருக்கும், அந்த அம்மாளும் அவற்றை அறுக்காமல் விட்டுவிடுவார் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு டின் மீன்தான். பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் முதல் முட்டை கிடைத்தது. இப்போது நாளுக்கு ஆறேழு.

ஆகவே உன் கோழிகளைச் சும்மா விடு. ஈரம் படாத இடத்தில் அடை, தேங்காய்ப் புண்ணாக்கு கொடு, நெத்திலித் தலையை இடித்துப் போடு. முட்டை இருக்கிறதா என்று தினமும் கையை விட்டுத் துழாவாதே, அதுகளுக்கும் மானம் இருக்கும். மாப்பிள்ளையிடம் மாமா சொன்னார் என்று சொல். கேட்காவிட்டால் அத்தை கிளம்பி வருகிறார் என்று சொல், கேட்பார்.

இன்னொரு சேதி. போன வாரம் உன் அம்மா சீப்பைக் காட்டி, எனக்கும் முடி கொட்டுது என்றாள். அன்றிலிருந்து பங்களாவிலும் வீட்டிலும் நான்தான் சமையல். ரசத்தில் உப்பு போதவில்லையாம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் பெருவாழ்வு வாழ எங்கள் ஆசி. குழந்தைக்குக் காது குத்துவதை மாசிக் கடைசிக்கு வை, மறந்துவிடாதே, துரை சீமைக்குப் போகிறார், அப்போதுதான் எனக்கு லீவு.

இப்படிக்கு,
உன் அப்பா
சபாபதி