ஒன்றும் செய்யாத நான்கு விநாடி

ஜூன் 3, 2024

இன்றும் ஓடவில்லை. மல்லப்பனுடைய ரப்பர் வாஷர் பட்டறையில் எனக்கு இது ஒன்பதாவது நாள். ரப்பரை அழுத்தி வாஷராக்கும் அச்சு பிரஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் என்னைவிட நாலு வயதுதான் இளையது. வாரத்துக்கு இரண்டு தடவை உயிரை விடுகிறது. அதிலுள்ள புரோகிராமைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன் என்று எந்த நேரத்தில் ஒப்புக்கொண்டேனோ! பழையதில் பிரிண்டர் மாட்டும் இடம் வழியாகத்தான் பிரஸ்ஸுக்கு உத்தரவு போகிறது. புதியதில் அந்த இடமே கிடையாது. தேவராஜ மொஹல்லாவில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய மாற்று கேபிளும் பல்லிளித்துவிட்டது.

மல்லப்பன் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். "ஆயித்தா சுசித்ரா மேடம்? முடிஞ்சுதா?" முடிந்தால் சொல்ல மாட்டேனா?

ஜூன் 5

கேபிளைத் தூக்கிப் போட்டேன். பிரஸ்ஸுக்கு உத்தரவு அனுப்பத் தனி கார்டு ஒன்று வாங்கிப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டி, புரோகிராமை முதலிலிருந்து நானே எழுதப் போகிறேன்.

ஜூன் 10

பழைய புரோகிராமின் அச்சுப் பிரதி ஒரு ஃபைலில் கிடைத்தது. எழுதிய மகானுபாவர் ஒரு வரி விளக்கம்கூட வைக்கவில்லை. பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் சும்மா லட்சக்கணக்கில் எண்ணிக்கொண்டே போகிறது. நான்கு விநாடி. அதற்கப்புறம்தான் பிரஸ் இறங்குகிறது. எதற்கு? அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடைசியில் மல்லப்பன்தான் சொன்னார்: "பழைய பம்புக்கு பிரஷர் ஏற டைம் வேணும் மேடம். அந்த பம்ப மாத்தியே பதிமூணு வருஷம் ஆச்சு."

பதிமூன்று வருடமாக வெட்டியாக எண்ணிக்கொண்டிருக்கிறது! எடுத்துவிட்டேன். வேகம் கூடும் என்றதும் மல்லப்பனுக்கு வாயெல்லாம் பல்.

ஜூன் 14

மூன்று நாள் ஓட்டிப் பார்த்தாயிற்று. சூப்பர்வைசர் மதன் பட்டனை அழுத்த, நான் திரையைப் பார்க்க. ஒரு பிழை இல்லை. பிரஸ்ஸை வழக்கமாக ஓட்டும் செல்லக்கண்ணு அக்கா ஹனூரில் கோயில் விசேஷம் என்று லீவு. 18ஆம் தேதி வருகிறாராம்.

ஜூன் 18

அக்கா வந்ததும் கேட்டார். "எல்லாம் மாத்திப்போட்டீங்களாமா மேடம்? எப்புடி ஓட்டோணுமுங்க?"

நான்தான் சொன்னேன்: "ஒண்ணும் மாறலக்கா, அதே பட்டன்தான்."

அழுத்தினார். அழுத்திவிட்டு, ரப்பர் துண்டை நேராக்க இடது கையை உள்ளே விட்டார். பதினெட்டு வருடமாக அப்படித்தானாம். பட்டனைத் தட்டிவிட்டு, அந்த நான்கு விநாடிக்குள் சரிசெய்துவிட்டுக் கையை எடுத்துவிடுவாராம். பக்கத்து மேசை மனிஷா அழுதுகொண்டே சொன்னாள்.

ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல? நான் கேட்டேனா? பேப்பரைப் புரட்டினேன், பம்பைப் பத்தி விசாரிச்சேன் — மெஷின் முன்னாடி நிக்கிற மனுஷிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!

இரண்டு விரல் போயிற்று.

ஜூன் 19

ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஜூன் 21

மல்லப்பன் ஒரு கடிதத்தை நீட்டினார். மெஷினும் புரோகிராமும் சரியாகவே இயங்கின. விபத்துக்கு ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்களுக்கும் நல்லது மேடம்."

புரோகிராம் சரியாகத்தான் இயங்கியது. அதுதான் ஆத்திரமாக வருகிறது. பேனாவைத் திறந்தேன், மூடினேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முடியாது என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. ச்சே, என்ன பிறவி நான்?

ஜூன் 22

போடவில்லை. நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். நான்கு விநாடியை எடுத்தது நான். எதுவும் மாறவில்லை என்று அக்காவிடம் சொன்னதும் நான்.

மல்லப்பன் படித்துவிட்டு, "இனிமே இந்த ஊர்ல உங்களுக்கு யாரு வேலை கொடுப்பாங்க?" என்றார். தெரியாது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே.

ஆகஸ்ட் 12

மகள் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா இன்று வேலைக்குத் திரும்பினார். மல்லப்பன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் புரோகிராமைத் திருத்த வேறு ஆளும் இல்லை. பிரஸ்ஸின் இரண்டு ஓரத்திலும் இப்போது ஒவ்வொரு பட்டன். இரண்டு கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். நிதானமாகச் சொன்னேன்.

அக்கா வலது கையை ஒரு பட்டனில் வைத்தார். இடது கையைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

"இதையும் ஒரு கைன்னு ஒத்துக்குமுங்களா மேடம்?"

ஒத்துக்கொண்டது.