புடவைக் கடைக்கு ஸ்டூல் வந்தது

ஜூலை 8, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். பட்டுப்புடவைக் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, சின்னக் கடைக்காரர்களுக்கான கூட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் துறை அம்மா ஒருவர் பேசினார். ஆளைச் சேர்த்தால் எழுத்தில் கடிதம் தர வேண்டும். இஷ்டத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இதெல்லாம் ஓரளவு தெரிந்ததுதான். கடைசியில், "உங்க கடையில வேலை செய்யறவங்களுக்கு உக்கார இடம் இருக்குதா?" என்றார். அதற்கும் சட்டம் இருக்கிறதாம்!

எனக்கு ஸ்டெல்லா ஞாபகம். எங்களிடம் புடவை எடுத்துக் காட்டுகிறவள், ஐயம்பேட்டைப் பெண். சாயங்காலம் வீங்கின கால் செருப்புக்குள் நுழையாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே ஷேர் ஆட்டோ ஏறுவாள்.

வாங்க: கற்பூரம், காபித்தூள், ஸ்டூல்.

ஜூலை 9, செவ்வாய்
இவரிடம் சொன்னேன். இட்லியைப் பிட்டவர் நிறுத்திவிட்டார்.

"கஸ்டமர் வரும்போது இதுங்க உக்காந்துகினு இருந்தா மரியாதையா இருக்குமா?"

"நீங்க தறியில நெய்யும்போது நின்னுகினா நெய்ஞ்சீங்க?"

சிரித்துவிட்டார். சட்னி கேட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

ஜூலை 11, வியாழன்
ஸ்டூல்கள் வந்தாயிற்று. மதியம் பார்த்தால் அவற்றின்மேல் புடவை அடுக்கியிருக்கிறார்கள்!

"உக்காரும்மா."

"நீங்க எதிர்ல இருக்கும்போது எப்படிக்கா? கூச்சமா இருக்குது," என்றாள் ஸ்டெல்லா. மற்ற இரண்டு பெண்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். எட்டிப் பார்த்தபோது மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டருக்கு மேல் தலை மட்டும்தான் தெரிந்தது. உயரம் கூட்ட வேண்டும். தச்சரிடம் சொல்லியாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு
மேகமூட்டம். பரவாயில்லாத கூட்டம். கல்யாண ஜவுளிக்கு ஒரு குடும்பம், கவுண்டர் எதிரே விரித்த மெத்தை நிறைய ஆட்கள். ஸ்டெல்லா உயர்த்தின ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெரியவர், "வந்தவங்களுக்கு எழுந்து நின்னு காட்ட மாட்டியாம்மா?" என்றார்.

அவள் பதறி எழுந்தாள். பதில் வந்தது இவரிடமிருந்து, கல்லாவிலிருந்து.

"காலையிலிருந்து நின்ன பொண்ணு சார். உக்காந்து காட்டினாலும் அதே புடவைதான். நீ உக்காரும்மா."

சத்தம் உயர்த்தவேயில்லை. பெரியவர் முகம் சுருங்கியது. அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். நல்ல வியாபாரம் ஆகியிருக்கும்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே மடித்தாள். "என்னாலதான் போச்சு சார்."

"உன்னால இல்லம்மா. அவங்களுக்கு கலர் பிடிக்கல," என்றார் இவர்.

அந்தக் குடும்பத்து அம்மாள் அரக்குப் புடவையை மடியிலிருந்து இறக்க மனமில்லாமல் எழுந்ததை நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார். இவருக்குப் பொய் சொல்ல வராது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆள் இல்லை. காபி. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.