தடியங்காயைக் குளிப்பாட்டினேன்

மேலகரம்,
ஆடி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கையைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை மணிகண்டபிரபுவும் உன் வயிற்றில் குடியிருக்கும் ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று பண்பொழி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே, அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முதல் வரியிலேயே அழ ஆரம்பித்துவிடாதே. இது இடது கை எழுத்து. காலையில் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், அதனால் பேச்சு அங்கே இங்கே தாவினாலும் பொறுத்துக்கொள். போனில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், அப்புறம் அழுவாய், அப்புறம் நான் கத்துவேன். போன வெள்ளிக்கிழமை அதுதானே நடந்தது. கையை வச்சுக்கிட்டு நீங்க இவ்வளவு தூரம் பிளேன் ஏறி கஷ்டப்பட்டு வர வேண்டாம்ப்பா, பிரசவத்துக்கு அத்தை வரட்டும் என்று நீ சொன்னாய். தலைப்பிரசவம் பார்ப்பது பிறந்த வீட்டு உரிமை, உன் மாமியார் வருவதாக இருந்தால் நான் செத்துப்போனதாக நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் பேசுகிற பேச்சா அது. அந்த வார்த்தையை மறந்துவிடு. நீ சொன்னதில் நியாயம் இருப்பது எனக்கே தெரிந்ததால்தான் அத்தனை கோபம் வந்தது. ஏன் என்று இதில் எழுதுகிறேன், முழுசாகப் படி, பாதியில் வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் ஒப்பாரி வைக்காதே.

கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றே சொல்லி வந்தேன். அது பொய். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகின்றன, சுண்டுவிரல் மட்டும் ஒரு பாவமும் அறியாத பிள்ளை மாதிரி சும்மா இருக்கிறது. படுத்தால் தணலில் வைத்தது போல எரியும், எழுந்து உட்கார்ந்து உதறினால் கொஞ்சம் அடங்கும், மறுபடி படுத்தால் மறுபடி எரியும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று மாப்பிள்ளை போன தடவை வாங்கி வந்த பந்தாட்டக்காரர் பனியனை மாட்டிக்கொண்டுதான் கடையில் நிற்கிறேன். நம் கடை மாஸ்டர் சுடலைமாடன் என்னை கோல்கீப்பர் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறான், அதைக் கேட்டு சிப்ஸ் வாங்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷமும் கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே பலகையைப் பிடித்து நேந்திரங்காயை நேரே சட்டிக்குள் சீவி இறக்கிய கை, சும்மா விடுமா, கணக்குத் தீர்க்கிறது. ஆனால் பாதியை நானே கெடுத்துக்கொண்டேன். நம் ஊர்க்காரனுக்குத்தான் தலைவலி என்றாலும் அருவி, தடுமன் என்றாலும் அருவி. சீசன் தொடங்கியதும் ஐந்தருவியில் போய்த் தண்ணீர் ஓங்கி விழுகிற இடமாகப் பார்த்து மணிக்கட்டைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், மூலிகைத் தண்ணீர் நரம்பை இளக்கிவிடும் என்று. அது போதாதென்று எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம் கையை நீட்டி இழுத்துச் சொடக்கு எடுக்கச் சொன்னேன். மறுநாள் டீ கிளாசைத் தூக்க முடியவில்லை. அருவியில் நின்றால் பைத்தியம் தெளியும் என்பார்கள், எனக்கு அங்கே போய்த்தான் பிடித்தது.

வைகாசியிலேயே திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்தது உனக்குத் தெரியும். மணிக்கட்டில் நரம்பு போகிற சந்து ஒன்று இருக்கிறதாம், அது இறுகி நரம்பை நெரிக்கிறதாம், அதைத் திறந்துவிடுவது சின்ன ஆபரேஷன்தானாம், இவ்வளவு உன்னிடம் சொன்னேன். சொல்லாததைச் சொல்லுகிறேன். என் பெருவிரலுக்கு அடியில் இருக்கும் சதை வற்றிப்போயிருப்பதை அந்த டாக்டர் தன் கையோடு வைத்துக் காட்டினார். ரொம்ப நாள் விட்டுட்டீங்க, ஆபரேஷன் பண்ணினா வலி போயிடும், உணர்ச்சி எவ்வளவு திரும்பும்னு இப்ப உறுதி சொல்ல மாட்டேன், தள்ளிப்போட்டா திரும்பாமலும் போகலாம் என்றார். அப்படியானால் நாளைக்கே செய்யுங்கள் என்றேன். ரத்தம் சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். இதைக் குறைச்சுட்டு வாங்க, இல்லாட்டி புண் ஆறாது என்று மாத்திரையும், தூங்கும்போது கட்டிக்கொள்ள மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆக, காத்திருப்பது ஆஸ்பத்திரிக்காக இல்லை, என் உடம்புக்காக நானே காத்திருக்கிறேன். அந்த வாரம் பெரிய வீரம் பேசினேன், அடுத்த வாரமே கடையில் சிப்ஸைப் பதம் பார்க்கிறேன் என்று வாய் ஓயாமல் தின்றேன், பலகையையும் விடவில்லை. சீசனில் முதலாளி சீவாமல் நின்றால் கடை ஓடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி உனக்குத் தெரியாத கதை, ஆனி தொடக்கத்தில் நடந்தது. உன் அம்மா இல்லையே, பிள்ளையை யார் குளிப்பாட்டுவார்கள் என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள், நான்தான் என்றேன், சிரித்தார்கள். ஆம்பளை சமையல் பண்ணினால் நளபாகம் என்கிறார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினால் மட்டும் என்ன கேவலம் என்று நேரே அடுத்த தெரு ஹைருன் பீவி வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் காலில் கிடந்து குளித்ததுதான், உன்னையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. புறவாசலில் பலகை போட்டு என்னைக் காலை நீட்டி உட்காரச் சொன்னாள், சமையலுக்கு வாங்கி வைத்திருந்த தடியங்காய், வெளியூரில் வெள்ளைப் பூசணி என்பார்களே, அதில் ஒன்றைக் கொண்டுவந்து தேங்காயெண்ணெய் தடவி என் காலில் கிடத்தினாள். இதுதான் தலை, இதுதான் கழுத்து, வலக்கையை இங்கன கொடுங்க, இடக்கையால தண்ணிய கோருங்க, காதுல போகாம பாத்துக்கிடுங்க என்று பிடித்துக் காட்டினாள். மூன்று நாலு நாள் போனேன். நான் அந்தக் காய்க்குச் சாம்பிராணிப் புகைகூடப் போட்டேன், நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரி. கடைசி நாள் சுடலைமாடன் ஏதோ சாவி கேட்டு வாசலில் வந்து நின்றான். நான் திரும்பி, அலமாரிக்கு மேலே இருக்கிறது என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொம் என்று சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்ன விழுந்தது என்றுதான் நினைத்தேன் குழலி. கீழே பார்த்தால் காய் கல்லில் உடைந்து கிடக்கிறது. என் வலது கை மட்டும் அதைப் பிடித்தபடியே வளைந்து நிற்கிறது. நழுவினது எனக்குத் தெரியவே இல்லை. கையில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹைருன் பீவி ஒரு வார்த்தை திட்டவில்லை. உடைந்ததைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டே, காயி விழுந்தா குழம்பு வச்சிரலாம் அண்ணாச்சி, வேற நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே யோசிச்சுக்கிடுங்க என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வலிக்கு அழவில்லை, அந்தச் சத்தத்துக்கு அழுதேன்.

மறுநாளே கடையில் சீவுகிற பலகையைச் சுடலைமாடன் கையில் கொடுத்துவிட்டேன். மரத்துப்போன கையோடு எண்ணெய்ச் சட்டிக்கு மேலே நிற்பதே புத்தி கெட்ட வேலை என்று அப்போதுதான் உறைத்தது. அவனுக்குத் துணையாகச் செங்கோட்டையிலிருந்து ஒரு மாஸ்டரைச் சீசனுக்கு மட்டும் கூட்டி வந்தேன். வரவு கொஞ்சம் குறையும், குறையட்டும். நான் பொட்டலம்கூடக் கட்டுவதில்லை, வாசலில் நின்று கூப்பிடுவதோடு சரி, அதுக்கு நரம்பு வேண்டாம், தொண்டை போதும். சிப்ஸ் டின் பக்கம் என் கை போனால் சுடலைமாடன் கரண்டியால் தட்டுகிறான், அண்ணாச்சி டாக்டர்ட்ட சொல்லிருவேன் என்று மிரட்டுகிறான், சம்பளம் கொடுக்கிறது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. காலையில் சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு இலஞ்சி வரைக்கும் நடக்கிறேன். பரோட்டா வாசனை வருகிற பக்கம் போவதில்லை, சுற்றுப் பாதையில் வருகிறேன். போன வாரம் என் தங்கை, உன் அத்தை சங்கரேஸ்வரி வந்திருந்தாள், ஒரு தூக்கு நிறைய பால்பாயசம். ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் ஆகாதுண்ணே, சக்கரைக்காரங்கல்லாம் சாப்பிடாமலா இருக்காங்க, என் மாமனாரு பாயசம் குடிச்சே எம்பது வயசு இருந்தாரு என்றாள். தூக்கை அப்படியே அவள் வந்த ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள், தீபாவளிக்குள் சரியாகிவிடும். பட்டையையும் தவறாமல் கட்டிக்கொண்டு படுக்கிறேன். வலி போகவில்லை, ஆனால் விடியும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பழக்கம் வந்துவிட்டது, நடுவில் கொஞ்சம் தூக்கமும் வருகிறது. நேற்று ரத்தம் சோதித்த சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, இப்படியே இருந்தீங்கன்னா ஆவணி கடைசியில வச்சுக்கிடலாம் என்றார். நல்லாக் குறைந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கொஞ்சத்தையும் குறைத்தே தீருவேன். தனியார் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க, பணம் அனுப்புகிறேன் என்று நீ இனி சொல்ல வேண்டாம், எங்கே போனாலும் சர்க்கரை என் கூடவே ஆட்டோ ஏறி வரும்.

இன்னொன்று. உனக்கும் கொஞ்ச நாளாக விரல்கள் மரத்துப்போகின்றன, காலையில் கை வீங்கி இருக்கிறது என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அவரைத் திட்டாதே, சொன்னது நல்லதாயிற்று. டாக்டரிடம் கேட்டேன். பிள்ளை உண்டான பெண்களுக்கு இது வருவதுண்டாம், நீர் கோத்து அதே சந்து இறுகுமாம், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே போய்விடுமாம், ஆனாலும் அங்கே உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் சொல்லிவிட வேண்டுமாம். சொல்லிவிட்டாயா? அப்பனைப் போலப் பரவாயில்லை பரவாயில்லை என்று இருக்காதே, அந்த ஒரு குணம் உனக்கு வந்திருக்கவே வேண்டாம். கம்ப்யூட்டரில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராதே. கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துப் படுக்காதே, சின்ன வயசிலிருந்து அப்படித்தான் படுப்பாய். எடை தூக்குவதை மாப்பிள்ளையிடம் விடு, படித்த பிள்ளைதானே, வாளி தூக்கினால் பட்டம் குறைந்துவிடாது. முருங்கைக்கீரை பொடி பண்ணி அனுப்பியிருக்கிறேன், ஹைருன் பீவி இடித்தது, சோற்றில் பிசைந்து சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை சுரண்டைக்கு போன் போட்டு உன் மாமியார் பார்வதியம்மாளிடம் நானே பேசினேன். வெள்ளிக்கிழமை உன்னிடம் சொன்ன வார்த்தையை அவர்களிடமும் சொல்லி, தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். அண்ணாச்சி, எனக்கும் அது பேரப்பிள்ளைதான, நீங்க கூப்பிடணும்னுதான் இருந்தேன், இல்லாம நானா வந்து நின்னா நல்லா இருக்காது பாத்துக்கிடுங்க என்றார்கள். விசாவுக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். குளிப்பாட்டுவது அவர்கள் வேலை. நானும் வருகிறேன், அதில் மாற்றம் இல்லை. ரசம் வைப்பேன், துணி காயப் போடுவேன், நீ தூங்கும்போது வாசலில் யாரும் மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து விரலுக்குப் பயிற்சி செய்து, உனக்கு நாள் குறித்திருக்கிற கார்த்திகைக்குள் இந்தக் கையைக் கையாக்கிவிட வேண்டும் என்று இருக்கிறேன். ஆகும் என்றுதான் என் மனசு சொல்லுகிறது. ஆகாமலும் போகலாம், அதையும் யோசித்துவிட்டேன். அதனால் நீ எனக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். நான் வந்து இறங்கியதும் அப்பா பாவம், இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தார் என்று இரக்கப்பட்டுப் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிடாதே. நான் ஆசையாகப் பார்த்தாலும் கொடுக்காதே. மாப்பிள்ளை கொடுக்க வந்தாலும் தடு. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது போதும், வருத்தப்பட மாட்டேன். ஊசி முனை பட்டாலும் இந்த விரலுக்குத் தெரிகிறது என்று எனக்கு நிச்சயமான பிறகுதான் கேட்பேன்.

மாத்திரை மறக்காதே, தினமும் கொஞ்சம் நட, அங்கே குளிர் தொடங்குமுன் நல்ல கம்பளிக் காலுறை வாங்கிக்கொள். குற்றாலநாதரும் உன் பேர்க்காரி குழல்வாய்மொழி அம்மையும் உன்னையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசி. வாக்கை மறக்காதே ஏட்டி, நானாக வாய் திறந்து கேட்கும் வரைக்கும் பிள்ளையை என் கையில் தராதே. கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
காந்திமதிநாதன்